நான் பார்க்கலைங்க

பார்க்காத ஒன்றைப் பார்த்தேன் என்று ஒரு முறை சொன்னேன். சொன்ன இடம் திண்டிவனத்துக்கு வெளியே இருந்த ஒரு விதைப் பண்ணை. யுத்தம் முடிந்த வருஷம், மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கும் காலம். அந்த ஒரு சொல்லால் நான் அமெரிக்கா போய்ப் படித்துவிட்டு வந்தேன். போயிருக்க வேண்டியவன் போகவில்லை. அவனைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெயரை எழுதப் போவதில்லை. எழுதலாமா என்று அவனிடம் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லாமல் போய் வெகுகாலமாகிறது.

விவசாயக் கல்லூரியில் நானும் அவனும் ஒரே வகுப்பு. ஆனால் அவன் என்னை ‘நீங்க’ என்பான், நான் அவனை ‘நீ’ என்பேன். எங்கள் குடும்பம் விழுப்புரத்தில் நிலபுலத்தோடு இருந்த குடும்பம். அவன் வீட்டார் பிரம்மதேசத்துப் பக்கம் சேரியில் இருந்து கூலிக்குப் போனவர்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, உபகாரச் சம்பளத்தில் கல்லூரி வரைக்கும் வந்துவிட்டவன். நீங்க, நீ என்ற அந்த வித்தியாசம் எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. உறைத்தபோது அதைத் திருத்திக்கொள்ள முடியவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. கண்ணால் கண்டதை மட்டும்தான் ‘பார்த்தேன்’ என்பான். காதால் கேட்டது ‘சொல்றாங்க’. மனசில் நினைப்பது ‘இருக்கும்’. இந்த மூன்றும் அவன் வாயில் ஒன்றோடொன்று கலந்து நான் கேட்டதில்லை. கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டால் பதில் சொல்லாமல் எழுந்து போவான். திரும்பி வந்துதான் சொல்வான். சோற்றுக்கு உட்காரும்போது யாராவது “சாம்பார்ல உப்பு சரியா இருக்கா?” என்று கேட்டால், “இன்னும் வாயில வெக்கலை” என்பான். ஒரு ஆளோடு தினமும் பழகும்போது இது எவ்வளவு எரிச்சல் என்று பழகிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

வகுப்பில் ஒரு நாள் ஆசிரியர் நைல் நதியின் வண்டலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அதன் நிறம் என்ன என்று அவனைக் கேட்டார்.

“கறுப்புன்னு புத்தகத்துல போட்டிருக்குது சார்.”

“புத்தகத்தில் போட்டிருக்கிறது கிடக்கட்டும். நைல் நதி என்று ஒன்று இருக்கிறதா, அதுவாவது உனக்குத் தெரியுமா?”

அவன் யோசித்தான். கேலி என்று அவனுக்குப் புரியவில்லை. “இருக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க சார்,” என்றான்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அன்றைக்கே அவனுக்குச் ‘சொல்றாங்க’ என்று பெயராகிவிட்டது. “ஏய் சொல்றாங்க, சோறு போட்டாச்சாமே!” என்று மாடியிலிருந்து கத்துவார்கள். “தெரியலியே, பார்த்துட்டு வர்றேன்,” என்று அவனும் இறங்கிப் போவான். கத்தியவர்களில் நானும் உண்டு.

பட்டம் வாங்குவதற்கு முன் ஒவ்வொரு மாணவனும் ஏதாவது ஒரு பண்ணையில் விதைப்பிலிருந்து அறுவடை வரை ஒரு போகம் வேலை செய்ய வேண்டும் என்பது விதி. பண்ணை சூப்பரின்டெண்டு திருப்தி என்று எழுதிக் கொடுத்தால்தான் பட்டம். எங்கள் இருவரையும் திண்டிவனத்துக்கு அனுப்பினார்கள். இரண்டு பேருக்குமே சொந்த ஊர்ப் பக்கம். நான் சனிக்கிழமைதோறும் ரயிலேறி விழுப்புரத்துக்கு வீட்டுக்குப் போனேன். அவனுக்குப் போகவேண்டிய தேவையே இல்லை. அவன் அம்மா அந்தப் பண்ணைக்கே களையெடுக்க வந்துகொண்டிருந்தாள்.

முதல் நாள் அவளைப் பார்த்தபோது எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. அவளுக்கு இல்லை. காக்கி அரைக்கால் சட்டையும் தொப்பியுமாக நின்ற மகனைப் பார்த்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “இன்னா சாரு, கூடையைக் கொஞ்சம் தூக்கி வுடுறீங்களா சாரு?” என்றாள். மற்றப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவன் சிரிக்காமல் கூடையைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டு, “கனமா இருக்குதாம்மா?” என்று கேட்டான். “தூக்குனவன் நீ. நீயே சொல்லு,” என்றாள். அவனுக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று நான் ஊகித்தேன். ஆனால் என் ஊகம் பாதிதான் சரி.

மீதியை அவனே சொன்னான். பண்ணையில் இரண்டு ரக மல்லாட்டையை ஒட்டுச் சேர்த்து ஒரு புதிய ரகம் எடுக்க முயன்றுகொண்டிருந்தோம். சாயங்காலம் மொட்டைப் பிரித்து அதில் இருக்கும் மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்துவிட வேண்டும். மறுநாள் விடிந்ததும் வேறு ரகத்துப் பூவிலிருந்து மகரந்தத்தைக் கொண்டுவந்து அதில் தொட வேண்டும். தொட்ட கணுவுக்கு ஒரு சிவப்பு நூல். குத்துக்காலிட்டுக் குனிந்தே செய்யும் வேலை. நான் பாதி நாள் தூங்கிவிடுவேன். அவன் இரண்டு பேர் வேலையையும் செய்தான். ஒரு நாள் விடியலில், பேச்சுத் துணைக்கு, “நீ ஏன் இப்படி எல்லாத்துக்கும் சொல்றாங்க சொல்றாங்கன்னு உயிரை வாங்குற?” என்று கேட்டேன்.

இடுக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். “எங்கப்பாவைப் புளியமரத்துல கட்டி வெச்சு அடிச்சாங்க. பண்ணையார் வீட்டு மாட்டை அவுத்து வுட்டதைப் பார்த்தேன்னு ஒருத்தன் சொன்னான். அவன் அன்னிக்கு ஊர்லயே இல்லை. அப்பா அதுக்கப்புறம் நிமிந்து நடக்கலை.” அடுத்த பூவுக்கு நகர்ந்தபடி, “அடிச்சதை நான் பார்த்தேன்,” என்றான்.

இதைக் கேட்ட காதோடுதான் நான் பின்னால் அந்தச் சொல்லைச் சொன்னேன். என் குற்றத்தில் இதைத்தான் முதலாவதாக வைக்கிறேன்.

அந்தச் சமயத்தில் சர்க்கார் படித்த பிள்ளைகளைக் கப்பலேற்றி வெளிநாட்டுக்கு அனுப்பத் தொடங்கியிருந்தது. எங்கள் பண்ணையிலிருந்து ஒருவனைச் சிபாரிசு செய்யலாம் என்று சூப்பரின்டெண்டுக்குச் செய்தி வந்தது. அது யார் என்று பண்ணையில் யாருக்கும் சந்தேகமில்லை. எனக்கும் இல்லை. அவன் அம்மா களை வெட்டிக்கொண்டே வரப்புக்கு வரப்பு சொல்லிக்கொண்டு போனாள். “எம் புள்ள சீமைக்குப் போவுது.”

“அம்மா, போவுதுன்னு சொல்லாத. போனாலும் போவும்னு சொல்லு.”

“போடா. வவுத்துல இருக்கும்போதே புள்ளைன்னு சொல்லலியா? பொறந்தப்புறமாத்தான் சொன்னேனா?”

அவன் குனிந்து அவள் வெட்டிய களையை வரப்பில் எடுத்துப் போட்டான்.

அறுவடைக்கு முன்தினம் சூப்பரின்டெண்டு எனக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தார். நூல் கட்டிய செடிகள் வயலின் கோடியில், பனைமர ஓரத்தில் இருந்தன. அவற்றைச் சுற்றிக் குச்சி நட்டுக் கயிறு கட்ட வேண்டும். பொதுச் செடிகளோடு சேர்த்துப் பிடுங்கிவிடக் கூடாது. அன்று விழுப்புரத்துக் கொட்டகையில் ஒரு புதுப் படம் வந்திருந்தது. காலையில் கட்டிக்கொள்ளலாம் என்று கயிற்றைப் பனையடியில் போட்டுவிட்டு நான் ரயிலுக்கு ஓடினேன்.

மறுநாள் பாசஞ்சர் தாமதம். நான் வயலுக்கு வந்தபோது பெண்கள் கூடையோடு காத்து நின்றார்கள். அவன் எதிர்க்கோடியில் கிணற்றடியில் இன்ஜினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். தூக்கக் கலக்கத்தில் இருந்தேன். “எங்க புடுங்கறது சாரு?” என்று கேட்டார்கள். நான் கையை வீசி, “இந்தக் கோடி முழுக்க,” என்றேன்.

அவன் அம்மா மட்டும் நின்றாள். “செவப்பு நூலு கட்டிக்கீதே சாரு. இதுவுமா?”

நான் திரும்பிப் பார்க்கவில்லை. “எல்லாம்தான். ஜல்தி, ஜல்தி,” என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டேன்.

கயிற்றின் நினைவு வந்து ஓடிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஒரு போகத்து வேலை. காய்களை உருவிக் கூடை கூடையாகக் குவியலில் கொட்டியிருந்தார்கள். எந்தக் காய் எந்தச் செடியுடையது என்று இனி யாரும் சொல்ல முடியாது. கொடிக் குப்பையில் சிவப்பு நூல்கள் மட்டும் கிடந்தன. மேஸ்திரி கத்திக்கொண்டு வந்தான். பெண்களை நிறுத்திச் சோதித்தான். அவன் அம்மாவின் மடியில் இரண்டு கைப்பிடிக் காய் இருந்தது. பச்சையாக, மண்ணோடு.

அவள் என்ன செய்திருக்கிறாள் என்று எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. நூல் கட்டிய செடி கைக்கு வந்தபோதெல்லாம் அந்தக் காயை மட்டும் பிரித்து மடியில் போட்டிருக்கிறாள். மகனிடம் கொடுக்க. பண்ணையில் அன்று காப்பாற்றப்பட்டது அவள் மடியில் இருந்ததுதான். ஆனால் மேஸ்திரியின் வாயில் அதற்குப் பெயர் வேறாக இருந்தது.

சூப்பரின்டெண்டு கெட்டவர் அல்ல, அவசரக்காரர். எங்கள் இருவரையும் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். பெண்களைக் கூப்பிடவில்லை.

“இவர்களுக்கு அந்த இடத்தைக் காட்டியது யார்?” என்று முதலில் அவனைக் கேட்டார்.

“நான் பார்க்கலைங்க. கிணத்தாண்ட இருந்தேன். இவர் காட்டினார்னு அம்மா சொல்றாங்க.”

“அம்மா சொல்றாங்க! நீ பார்த்தாயா?”

“நான் பார்க்கலைங்க.”

“உன் அம்மா மடியில் காய் இருந்ததா?”

“இருந்துதுங்க.”

“அதையாவது பார்த்தாயா?”

“பார்த்தேன்.”

“எதற்கு எடுத்தாளாம்?”

“எங்கிட்ட கொடுக்கறதுக்குன்னு சொல்றாங்க.”

சூப்பரின்டெண்டு சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். “நீ சொல்லப்பா. யார் காட்டியது?”

நான் கயிறு கட்டாததைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் என் பட்டம் போயிருக்காது. ஒரு போகம் தள்ளிப் போயிருக்கும். வீட்டில் திட்டியிருப்பார்கள். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காக நான் சொன்னேன்.

“இவன்தான் காட்டினான் சார். பார்த்தேன்.”

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபமாக இல்லை. நான் எங்கே நின்று பார்த்திருப்பேன் என்று மனசில் அளப்பது போல இருந்தது அந்தப் பார்வை. ‘பொய்’ என்று அவன் சொல்லவில்லை. “நான் காட்டலைங்க,” என்று மட்டும் சொன்னான். நான் பொய் சொன்னேனா, ஆளை மாற்றிப் பார்த்துவிட்டேனா என்பது என் மனசுக்குள் இருக்கிற விஷயம். அதை அவன் எப்படிப் பார்க்க முடியும்?

அப்படியாக, ‘பார்க்கவில்லை’ என்றவனை விட்டுவிட்டு ‘பார்த்தேன்’ என்றவனை நம்பினார்கள். அவன் அன்று ‘பார்த்தேன்’ என்று சொன்னது ஒரே ஒரு தடவை. அது அவன் அம்மாவுக்கு எதிராகப் போய் விழுந்தது. பண்ணை விதையைத் தன் உறவுக்காரர்களைக் கொண்டு கடத்தப் பார்த்தான் என்று எழுதினார்கள். பயிற்சி திருப்தியில்லை. உபகாரச் சம்பளம் நின்றது. பட்டம் இல்லை. அவன் அம்மாவை மறுநாளிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள்.

சிபாரிசு என் பெயருக்கு மாறியது. நான் கப்பலேறினேன். அமெரிக்காவின் தெற்கு மாகாணம் ஒன்றில் கடலைப் பயிரைப் பற்றியே படித்தேன். படிப்பு நன்றாக வந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கண்ணீரும் கம்பலையுமாக நான் அங்கே இருக்கவில்லை. இரவில் நன்றாகத் தூங்கினேன். உறுத்தல் தொடங்கியது ஊருக்குத் திரும்பி வந்த பிறகுதான். சுதந்திரம் வந்து நாடே புதிதாகப் பேசிக்கொண்டிருந்தது. எனக்கு உத்தியோகமும் மரியாதையும் கிடைத்தன. எங்கே போனாலும், “அங்கே நேரிலேயே பார்த்துவிட்டு வந்தவர்,” என்று என்னை அறிமுகப்படுத்தினார்கள். அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் தாழ்வாரம் ஞாபகம் வந்தது.

முதலில் சூப்பரின்டெண்டிடம் போனேன். ஓய்வு பெற்று விழுப்புரத்தில்தான் இருந்தார். நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் வெகுநேரம் வெற்றிலையை மென்றார்.

“அன்னிக்கும் உன் வாய்ச்சொல்லை நம்பித்தானே எழுதினேன்? இன்னிக்கும் வாய்ச்சொல்தானே கொண்டாந்திருக்கே? எதை நம்புறது நான்?”

“இன்னிக்குச் சொல்றதுதான் சார் நிஜம்.”

“அன்னிக்கும் அப்படித்தான் சொன்னே,” என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

அவனை விழுப்புரத்து மல்லாட்டை மண்டியில் கண்டுபிடித்தேன். வண்டியில் வரும் மூட்டைகளில் கை விட்டு ஒரு பிடி அள்ளி, உடைத்து, பருப்பு நிறைவா, சொத்தையா என்று சொல்லும் வேலை. விரல் நகங்கள் தேய்ந்திருந்தன. என்னைக் கண்டதும் எழுந்து, “வாங்க,” என்றான். ஒரு சாக்கை உதறி உட்காரப் போட்டான்.

“நீங்க எப்படி இருக்கீங்க?” என்று கேட்டேன். ரயிலில் வரும்போதே அந்த ‘நீங்க’வைப் பழகிக்கொண்டு வந்திருந்தேன். அவன் என்னை ஏறிட்டுப் பார்த்தான். “என்னைப் போய் எதுக்குங்க நீங்கன்னு? எப்பவும் போலச் சொல்லுங்க,” என்றான். அது மன்னிப்பு இல்லை. கொடுக்க வந்ததை வாங்க மறுத்தது.

நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். கயிறு, படம், கையை வீசியது, பார்க்காமலே பார்த்தேன் என்றது, எல்லாம். அவன் ஒரு காயை உடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

“அம்மா இதையேதான் சொன்னாங்க,” என்றான்.

“அம்மா நல்லா இருக்காங்களா?”

“போயிட்டாங்க.” பருப்பை ஊதித் தோலைப் பறக்கவிட்டான். “கடைசி வரைக்கும் ஒண்ணையேதான் கேட்டுக்கினு இருந்தாங்க. ‘நான் பார்த்தேன்னு உங்கிட்ட சொன்னேனே, பெத்தவ கண்ணு உங் கண்ணு இல்லியாடா? எம் மடியில இருந்ததைப் பார்த்தேன்னு மட்டும் எப்படிடா உன் வாயில வந்துச்சு?’ன்னு. பாதி நாள் எங்கூடப் பேசாமத்தான் இருந்தாங்க.”

அவனுடைய படிப்பையும் கப்பலையும் எடுத்துக்கொண்டதாகத்தான் நான் நினைத்து வந்திருந்தேன். நான் எடுத்தது அவ்வளவோடு நிற்கவில்லை என்று அந்தச் சாக்கின்மேல் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன்.

என் இலாகாவில் ஒரு வேலை வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றான். “அங்க என்னைப் பத்தி இன்னா சொல்லிக்கினு இருக்காங்களோ, அதைக் கேட்டுக்கினே வேலை செய்யணும். அது பேஜாரு.”

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அவனுக்குச் சேர வேண்டிய பிரயாணத்தைத் திருப்பித் தர முடியாது. பார்த்துவிட்டு வந்ததையாவது ஒன்று விடாமல் அவனிடம் சொல்லிவிடலாமே. அதற்குப் பிறகு விழுப்புரம் வரும்போதெல்லாம் மண்டிக்குப் போனேன். அவன் சாக்கை உதறிப் போடுவான். நான் சொல்வேன். அங்கே மெஷின் வரிசையாகப் போய்ச் செடியைப் பெயர்த்துப் போட்டுவிடும். பிறகு கம்பம் நட்டு, கம்பத்தைச் சுற்றிக் கொடியை அடுக்கி வைத்துக் காயவிடுவார்கள். மண்ணின் நிறம், பூச்சி, ஒட்டுச் சேர்க்கைக் கூடம் எல்லாம் சொன்னேன். கேள்வி கேட்டான். நல்ல கேள்விகள். என் ஆசிரியர்களிடம் நான் கேட்டிருக்க வேண்டியவை.

“கம்பத்துல அடுக்குறது யாரு?”

“கறுப்பர்கள். ஆணும் பெண்ணுமா.”

“அவங்க பிள்ளைங்க நீங்க படிச்ச காலேஜுல படிக்கிறாங்களா?”

“இல்லை.”

“இல்லியா, நீங்க பார்க்கலியா?”

நான் யோசித்தேன். “பார்க்கலை,” என்றேன். அவன் தலையசைத்தான். அந்த ஒரு பதிலில்தான் நான் அவனிடம் தேறினேன் என்று நினைக்கிறேன். அன்று வீட்டுக்குச் சந்தோஷமாகவே திரும்பினேன். கடன் கொஞ்சமாவது அடைகிறது என்று.

பிறகு ஒரு நாள் போனபோது, விக்கிரவாண்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடியானவர் மூட்டையை இறக்கிவிட்டு அவனோடு பேசிக்கொண்டிருந்தார். நான் அடுக்கிய சாக்குகளுக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவர்கள் என்னைக் கவனிக்கவில்லை.

“ஏம்பா, அமெரிக்காவுல மல்லாட்டையை மெஷின் வெச்சுப் புடுங்குறானாமே, மெய்யாலுமா? உன்னாண்ட யாரோ பெரிய ஆபீசரு வந்து பேசிக்கினு இருக்காராமே, அவரு பார்த்தவராச்சே?”

பார்த்தவர் சொன்னார் என்று அவன் சொன்னால் போதும். அதற்குமேல் எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

அவன் ஒரு காயை உடைத்துப் பருப்பை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தான்.

“தெரியாதுங்க,” என்றான். “அவரு பார்த்தாரான்னு நான் பார்க்கலைங்க. அப்படின்னு சொல்றாரு.”

நான் வந்த வழியே ஸ்டேஷனுக்குத் திரும்பினேன். அதன் பிறகு அந்த மண்டிப் பக்கம் போகவில்லை.